உதயரூபன் முடிக்காத விமானங்கள்

நாவற்குடாவில் உதயரூபன் செய்த பல்லை வாயில் போட்டுக்கொண்டு முறுக்குக் கடிக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். மட்டக்களப்பு நகரத்துப் பல் வைத்தியர்கள் வாயில் அச்சு எடுத்து அவனுக்கு அனுப்புவார்கள். வீட்டோடு ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, அந்த அச்சில் சாந்து வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ஈறின் சிவப்பைக்கூட ஆளுக்கு ஏற்ற மாதிரிக் கலந்து, சொன்ன நாளில் கட்டுப்பல்லைக் கொடுத்துவிடுவான். காய்ச்சலோடு இருந்து முடித்த பல்லும் உண்டு. தொழிலில் அவன் யாரையும் காக்க வைத்ததில்லை.

அதே கை, அதே மேசை, அதே சிறு அரங்கள். ஆனால் பிளாஸ்டிக் மொடல் விமானம் ஒன்றையாவது அவன் முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

கொழும்பில் தொழில் படித்த காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. தங்கியிருந்த அறைக்குப் பக்கத்துக் கடையின் கண்ணாடிக்குள் ஒரு பெட்டி இருந்தது. பெட்டிமேல் இரண்டடுக்குச் சிறகு வைத்த பழங்காலத்து விமானம் ஒன்று மேகத்துக்குள் சரிந்து பறந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தான். வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து மூடியைத் திறந்தபோது விமானம் இல்லை. சாம்பல் நிறச் சட்டங்களில் நெற்கதிரில் மணி தொங்குவதுபோலச் சின்னச் சின்னத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. விமானியின் இருக்கை அவனுடைய சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதற்கும் ஒரு பட்டி, பட்டிக்கும் ஒரு கொளுக்கி. அன்றைக்கு அவன் சாப்பிட மறந்துபோனான்.

அந்த விமானத்துக்கு உடல் வந்தது, சிறகு வந்தது, பச்சை வர்ணமும் வந்தது. மேல் சிறகுக்கும் கீழ்ச் சிறகுக்கும் இடையில் கட்ட வேண்டிய கம்பிகள் மட்டும் வரவில்லை. "நல்ல மெல்லிசு நூல் கிடைக்கட்டும்" என்று எடுத்து வைத்தான். நூல் எப்போதோ கிடைத்துவிட்டது. விமானம் அப்படியேதான் இருக்கிறது.

பிறகு வந்தவையும் அப்படித்தான். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி இல்லை, ஒன்றுக்குச் சில்லு இல்லை. ஒரு காருக்கு எல்லாம் இருந்தது, முன் விளக்கு இரண்டும் பெட்டிக்குள் தூங்கின. தொடக்கத்தில் கை பறக்கும். துண்டைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுப்பதும், அரத்தால் தேய்ப்பதும், இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தும்போது கேட்கிற அந்த மெல்லிய சத்தமும் அவனுக்குப் பெரிய சந்தோஷம். வேலை கடைசிக்கு வரவரக் கை கனத்துவிடும். இனி ஒரு பிழை விட்டால் இவ்வளவு நாள் உழைப்பும் கெட்டுவிடும் என்ற பயம் வந்து குந்திக்கொள்ளும். பெட்டியை மூடி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறப்பான். மகள் ஆர்த்திகா படிப்புக்காக வந்தாறுமூலைப் பல்கலைக்கழக விடுதிக்குப் போனதும் அவளுடைய மேசையும் விமானங்களின் வசமாயிற்று.

அவன் மனைவி பிரஷாந்தி கணித ஆசிரியை. கணக்கை விடை எழுதாமல் விடுவது அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் இந்த விஷயத்தில் அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குள் ஹெலிகொப்டர் மொடல் வரக்கூடாது. சின்ன வயதில், சண்டைக் காலத்தில், வவுணதீவில் வயல் வட்டைக்குள் தாயோடு குப்புறக் கிடந்து அந்தச் சத்தம் தலைக்கு மேலால் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். உதயரூபன் ஏன் என்று கேட்கவில்லை. அவனும் அதே காலத்துப் பிள்ளைதான்.

"முடியாமக் கிடந்தா எப்பவும் நல்லா வரும் எண்டு நினைக்கலாம்" என்று ஒரு நாள் அவளிடம் சொல்லிப் பார்த்தான்.

"நல்ல கதை. என்ட பிள்ளைகளும் இதைத்தான் சொல்லுதுகள், சோதனைப் பேப்பரைப் பாதியில தந்துட்டு" என்றாள் அவள்.

ஸியாம் அவன் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு கட்டுப்பல்லால். காத்தான்குடியிலிருந்து தன் தாய் நபீஸாவின் பல்லை எடுத்துப்போக மோட்டார் சைக்கிளில் வந்தவன், பல்லைப் பார்க்கவில்லை. மேசையில் உடுப்புக் கிளிப் ஒன்றில் மாட்டி நின்ற அரைகுறை விமானத்தைப் பார்த்தான்.

"இது எழுபத்திரண்டா, நாப்பத்தெட்டா?" என்று கேட்டான்.

அசல் விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கா, நாற்பத்தெட்டில் ஒரு பங்கா என்பது கேள்வி. இந்த மட்டக்களப்பில் தன்னைத் தவிர இன்னொரு வாயிலிருந்து அந்த எண்கள் வருமென்று உதயரூபன் கனவிலும் நினைத்ததில்லை. கையிலிருந்த மெழுகுக் கத்தியை வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"எழுபத்திரண்டு. இரிங்க. இரிங்ககா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

ஸியாம் அன்றைக்கு மஃரிபு தொழுகைக்குத்தான் எழும்பிப் போனான், பல்லை மேசையிலேயே மறந்துவிட்டு. தாய்க்குப் பல் அடுத்த நாள்தான் கிடைத்தது.

டோஹாவில் பல வருடம் ஏசி பூட்டுகிற வேலை பார்த்தவன் ஸியாம். அங்கே நாலு பேர் தங்கிய அறையில், மேல்கட்டிலில் சாப்பாட்டுத் தட்டம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் மொடல் கட்டுவானாம். ஊருக்கு வந்து சொந்தமாக ஏசி திருத்தத் தொடங்கிய பிறகும் விடவில்லை. அவனுடைய வழி வேறு. எடுத்ததை முடிப்பான். பசை வழிந்து காய்ந்திருக்கும், சிறகில் அவனுடைய பெருவிரல் ரேகை பதிந்திருக்கும், ஒரு கப்பலின் புகைக்கூண்டு பைசா கோபுரம்போலச் சரிந்திருக்கும். ஆனால் எல்லாம் முடிந்தவை. காத்தான்குடி வீட்டு ஹோலில் கண்ணாடி அலுமாரி நிறைய அவை நின்றன. அவன் மனைவி நிஸ்றா கிழமைக்கொரு தடவை தூசி தட்டி வைப்பாள்.

"தூரத்துல நிண்டு பாரு மச்சான், ஒரு குறையும் தெரியா" என்பான். உதயரூபனுடைய வீட்டு அலுமாரியை அண்ணாந்து பார்த்தால் வேறு மாதிரிச் சொல்வான். "இதெல்லாம் நிக்காஹ் எழுதாத கலியாணம். சோறும் ஆக்கியாச்சி, ஆக்களும் வந்தாச்சி, மாப்புளயத்தான் காணல்ல."

உதயரூபன் சிரிப்பான். அவன் செய்த இருக்கையையும் கொளுக்கியையும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே பிடித்து ஸியாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. ஒருவனிடம் இல்லாதது மற்றவனிடம் இருந்தது.

ஒரு கட்டத்தில் ஸியாம் வருவது குறைந்தது. தொலைபேசியில் கேட்டால் வேலை கூடிப்போச்சு என்றான். ஐப்பசி மழை தொடங்கிய ஒரு பின்னேரம் முச்சக்கர வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. நிஸ்றா முதலில் இறங்கி ஸியாமின் முழங்கையைப் பிடித்தாள். அவன் கையில் பெரிய பெட்டி ஒன்று இருந்தது.

"என்ன, சைக்கிள் எங்க?" என்றான் உதயரூபன்.

"சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிட்டு மச்சான். உள்ளுக்குள்ள ரெத்தம் கசிஞ்சிரிக்காம். லேசர் அடிச்சிரிக்கி. பெரிய சாமான் தெரியிது. உன்ட மூஞ்சி தெரியிது, மூக்கத்தான் எங்க எண்டு தேடணும்."

சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான். நிஸ்றா சிரிக்கவில்லை.

பெட்டிக்குள் பயணிகள் விமானம் ஒன்று இருந்தது. உடலும் சிறகும் ஒட்டி வெள்ளை அடித்தாகிவிட்டது. மிச்சம், உடலின் இரு பக்கமும் மூக்கிலிருந்து வால்வரை ஓடவேண்டிய ஒரு நீலக் கோடும், அதற்கு மேலே வரிசையாகப் பயணிகள் ஜன்னல்களும்தான். எல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கிடந்தன. தாளைத் தண்ணீரில் ஊறவிட்டால் படம் மெல்லிய தோலாகக் கழன்று வரும். அதை வழுக்கி உரிய இடத்தில் படியவைக்க வேண்டும். டெகல் என்பார்கள். நல்ல கண் உள்ளவனுக்கே கை நடுங்குகிற வேலை.

"நான் முதமுதலா டோஹாக்குப் போன பிளேன் இந்தச் சாதிதான். கடைசியாக் கட்டுவம் எண்டு எத்தின வருசமா வச்சிருந்தன். நீ முடிச்சித் தா."

"நானா? என்னட்டயா குடுக்கிறாய்?"

"வேற ஆரு இரிக்காங்க அண்ணன் இந்த ஊர்ல?" என்றாள் நிஸ்றா. அவள் நிஜமாகவே கேட்டாள்.

அன்று அவர்கள் போன பிறகு உதயரூபன் அந்த விமானத்தை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தான். வால் அடியில் ஸியாமின் பெருவிரல் ரேகை வழக்கம்போல வெள்ளைக்குள் பதிந்திருந்தது. மழை விடட்டும், காற்றில் ஈரம் குறையட்டும் என்று பெட்டிக்குள் வைத்தான். மழை விட்டது. தாள் பழசு, யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்றான். யோசித்தான். கார்த்திகையும் நடந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிரஷாந்தி, குடையை விரித்து வைத்துவிட்டு அலுமாரியின் உச்சியைப் பார்த்தாள்.

"இஞ்சருங்க, ஸியாம் அண்ணன்ட பிளேனையும் அங்க ஏத்திட்டீங்களா?"

அவள் ஏசவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். உதயரூபனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவன் கதிரையில் ஏறி அந்தப் பெட்டியை இறக்கினான். மகளின் மேசைக்குக் கொண்டுபோகவில்லை. தொழில் அறைக்குக் கொண்டுபோனான். அங்கே ஒவ்வொரு கட்டுப்பல்லுக்கும் ஒரு தட்டும், தட்டின் நெற்றியில் ஆளின் பெயரும் கொடுக்கிற நாளும் எழுதிய துண்டும் இருக்கும். வெறுந்தட்டு ஒன்றை எடுத்து, அதில் விமானத்தை வைத்து, 'ஸியாம் – வெள்ளி' என்று எழுதி ஒட்டினான். பிறகு தொலைபேசியை எடுத்தான்.

"வாற வெள்ளி ஜும்மாக்குப் பிறகு வீட்ட இரிப்பியா? கொண்டு வாறன்."

"நீதானா கதைக்கிற?" என்றான் ஸியாம்.

தாள் மஞ்சளித்திருந்தது. வேண்டாத ஒரு மூலையை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தான். பப்படம் நொறுங்கினதுபோலத் துண்டு துண்டாயிற்று. மிச்சத் தாளுக்கு மேலே தெளிந்த வார்னிஷ் பூசி, காயவிட்டு, பிறகு ஊறப்போட்டான். ஜன்னல்கள் வந்தன. பல் நடுகிற சாமணத்தால் ஒவ்வொரு துண்டாகப் படியவைத்தான். இடப்பக்கத்து நீலக் கோடும் முழுசாக வந்து படிந்தது. அவனுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. வலப்பக்கத்துக் கோடு பாதி வழியில் அறுந்தது. சேர்க்கப் போனபோது விரலில் சுருண்டு ஒட்டியது. அதை எடுக்கப் போனபோது மிச்சமும் பொடிந்தது.

உதயரூபன் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். வழக்கமாகப் பெட்டி மூடப்படுகிற இடம் இதுதான். மூடியைத் தேடிக் கையும் போயிற்று. வெறும் பெட்டியை அன்றே உள் அறையில் வைத்துவிட்டிருந்தான். முன்னால் தட்டுத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்துத் தட்டில் ஆரையம்பதிக் கிழவர் ஒருவரின் மேல்வரிசைப் பல், அதற்கும் வெள்ளிக்கிழமைதான். பல் உடைந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தான். என்ன செய்வது, வேறு செய்வதுதான்.

ஒட்டுநாடாவை எடுத்து, ஒழுங்காகப் படிந்திருந்த இடப்பக்கக் கோட்டின்மேல் அழுத்தி, சர்ரென்று உரித்தான்.

தேத்தண்ணியோடு வந்த பிரஷாந்தி நின்றுவிட்டாள். "ஐயோ, நல்லா இருந்ததையும் ஏன் பிச்சீங்க?"

"ஒரு பக்கம் ஒட்டினது, மறுபக்கம் பூசினது எண்டா நிறம் ரெண்டாப் போகும். ரெண்டு பக்கமும் பூசத்தான் வேணும்."

அவள் அவனைப் பார்த்த பார்வை புதிதாக இருந்தது. கோப்பையை வைத்துவிட்டுப் போய், பள்ளிக்கூடப் பையிலிருந்து அளவெடுக்கிற கவராயத்தை எடுத்துக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சிறகில இருந்து கோட்டுக்கு எவ்வளவு உயரம்? ரெண்டு பக்கமும் ஒண்டா வரணும்தானே. நான் குறிச்சித் தாறன்."

அந்த ஞாயிறு பகல் முழுவதும் இருவரும் அந்த வெள்ளை விமானத்துக்கு முன்னால் இருந்தார்கள். அவள் குறித்தாள். அவன் மெல்லிய நாடா வெட்டிக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒட்டினான். பொடிந்துபோன கோட்டின் துணுக்கைப் பார்த்துப் பார்த்து நீலத்தோடு ஒரு சொட்டுக் கறுப்பும், ஒரு துளி சிவப்பும் சேர்த்தான். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஈரக் காற்றில் வர்ணம் அடித்தால் பனி படிந்ததுபோல வெளிறிவிடும். பிரஷாந்தி ஜன்னலைச் சாத்திவிட்டு, தலைமுடி உலர்த்துகிற மெஷினைக் கொண்டுவந்து எட்டப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மெல்லிசாக ஒரு படை வர்ணம் அடித்தான், பொறுத்தான், இன்னொரு படை அடித்தான்.

"கை நோகுது" என்றாள்.

"இன்னும் கொஞ்சம், பிரஷா."

"இதுதான் நான் இவ்வளவு நாளும் உங்களைத் தனியா விட்ட சந்தோசமா? நல்லாத்தான் இரிக்கு."

நாடாவை உரித்தபோது கோடு நேராக நின்றது. வால் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் நீலம் ஒரு மயிரளவு வெள்ளைக்குள் கசிந்திருந்தது. சுரண்டிச் சரிசெய்யக் கத்தியை எடுத்தவன், அதைத் திரும்ப வைத்தான்.

"போதும்" என்றான். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்தது அவனுக்கே விசித்திரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காத்தான்குடியில், ஸியாம் விமானத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு முதலில் பார்க்கவில்லை, தடவினான். மூக்கிலிருந்து வால்வரை ஒரு விரல் மெதுவாகப் போயிற்று. கோட்டின் விளிம்பை விரல் கண்டுபிடித்தது. பிறகு ஒரு கண்ணை மூடி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"இந்த நீலமா அது?" என்றான்.

"துண்டு வச்சிப் பார்த்துத்தான் கலந்தன்" என்றான் உதயரூபன்.

"எனக்கும் தெரியாது மச்சான். நான் ஏறக்குள்ள நல்ல இருட்டு. அதோட அழுதுட்டு ஏறின நான், நிறமெல்லாம் ஆரு பாத்த?"

நிஸ்றா இதைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தாள். "நீங்க அழுத எண்டு எனக்கு ஒருநாளும் சொல்லல்லயே."

"சொன்னா நீ என்னத்துக்கு என்னத் திரும்ப அனுப்புவா" என்றான் ஸியாம். அவள் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, நடுத்தட்டிலிருந்த கப்பல்களை ஒதுக்கி இடம் செய்தாள்.

உதயரூபன் திரும்பும்போது முச்சக்கர வண்டியின் பின் ஆசனம் நிறையப் பெட்டிகள். ஸியாம் கட்டாமல் வைத்திருந்த மொடல் பெட்டியெல்லாம் இனி அவனுக்குத்தானாம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான், ஆனால் மேல் பெட்டியின் படத்தில் ஒரு மீன்பிடி ட்ரோலர் அலைக்கு எதிராக ஏறிக்கொண்டிருந்தது, வாய் மூடிக்கொண்டது. வீட்டுப் படலையில் நின்ற பிரஷாந்தி பெட்டிகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு இரண்டு பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இதற்குப் பிறகு உதயரூபன் தன்னுடையவற்றை எல்லாம் முடித்துவிட்டான் என்று சொன்னால் அது பொய். கொழும்பில் வாங்கிய அந்த இரண்டடுக்குச் சிறகு விமானத்தை ஒரு தட்டில் வைத்து 'உதயரூபன் – திங்கள்' என்று எழுதிப் பார்த்தான். தன் பெயரைப் பார்த்து அவனுக்கு ஒரு அவசரமும் வரவில்லை. திங்கள் வந்துபோனது. இரண்டு கம்பி கட்டினான், அவ்வளவுதான்.

ஆனால் சனிக்கிழமைகளில் இப்போது ஸியாம் வருகிறான். சின்னத் துண்டுகள் அவனுக்குத் தெரியாது. இரண்டு பாதி ஒட்டிய இடத்தைத் தேய்த்து மூட்டுத் தெரியாமல் செய்கிற வேலை அவனுடையது. அதற்குக் கண் வேண்டாம். உதயரூபன் உருப்பெருக்கியால் பார்த்து "சரி" என்று சொன்ன இடத்தில் அவன் விரலை வைத்து, "இல்ல, இஞ்ச ஒரு கீறல் நிக்கிது" என்பான். வேலை ஆமை வேகம். தேத்தண்ணியும் கதையும்தான் அதிகம். சில சனிக்கிழமைகளில் ஒரு துண்டுகூட ஒட்டுவதில்லை.

ட்ரோலரின் அடிக்கட்டு ஒட்டித் தேய்த்து முடிந்த ஒரு மாலை, ஸியாம் அதை உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தான்.

"இது மிதக்குமா மச்சான்?"

"அலுமாரியில வைக்கிற சாமான். மிதக்கிறதுக்குச் செய்யல்ல."

"அது தெரியும். மிதக்குமா எண்டுதான் கேட்ட."

மேல் தட்டு இல்லை, அறை இல்லை, கொடிமரம் இல்லை. வர்ணம்கூட அடிக்கவில்லை. பிரஷாந்தியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஒழுங்கையால் நடந்து வாவிக் கரைக்குப் போனார்கள். ஸியாமின் கையை உதயரூபன் பிடித்திருந்தான். ட்ரோலர் பிரஷாந்தியின் கையில் இருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. உதயரூபன் குனிந்து ட்ரோலரை அதில் விட்டான். அது ஒரு கணம் நின்றது, பிறகு சோர்ந்தவன்போல இடப்பக்கம் சாய்ந்தது.

"என்ன நடக்குது? சொல்லு, சொல்லு" என்றான் ஸியாம்.

"சரியுது."

"தண்ணிக்குள்ள தாண்டுட்டா?"

"இல்ல, படுத்துக்கிடக்கு."

வீச்சுவலையை உதறிக்கொண்டு நின்ற ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, வயசான ஆக்களுக்கு என்ன வந்தது என்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பினார். பிரஷாந்தி செருப்பைக் கழற்றி வைத்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். குனிந்து அடிமணலைக் கிளறி, பொடிக்கற்களாகப் பொறுக்கி, உதயரூபன் பிடித்திருந்த ட்ரோலரின் வயிற்றுக்குள் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரு கல் வைத்துப் பார்த்தாள், எடுத்து மற்றப் பக்கம் வைத்தாள்.

"இப்ப விடுங்க" என்றாள்.

உதயரூபன் கையை எடுத்தான். ட்ரோலர் நிமிர்ந்து நின்றது. மெல்லிய காற்று ஒன்று அதைக் கரையிலிருந்து ஒரு முழம் தள்ளிக்கொண்டு போயிற்று.

"நிக்குது மச்சான்" என்றான் உதயரூபன், குரல் உயர்ந்து. "நேரா நிக்குது. போகுது."

"பிடியுங்கோ, தூரப் போகுது" என்றாள் பிரஷாந்தி.

"விடு தங்கச்சி, கொஞ்சம் போகட்டும்" என்றான் ஸியாம். அவன் தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். உதயரூபன் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அதன் பின்னால் இறங்கினான்.